வரமாட்டேன் என்ற சபாநாயகர்

வெர்னா: சும்மா பாவலாவுக்குத்தானே முரண்டு பண்ணணும்? நீ என்னடான்னா மேஜையையே பெயர்த்துக்கிட்டு வந்துடுவே போல இருந்துச்சு!

ஓரெஸ்ட்: மேலேருந்து பார்த்தியா?

வெர்னா: உன் பெண்டாட்டி மட்டுமா, பார்வையாளர் மாடமே பார்த்துச்சு. முதல்வர் மார்னி ஒரு கையை இழுக்குறா, எதிர்க்கட்சித் தலைவர் இன்னொரு கையை இழுக்குறாரு... புதுச் சபாநாயகர் மேஜையைக் கட்டிக்கிட்டுத் தொங்குறாரு!

ஓரெஸ்ட்: காலங்காலமா நடக்குற கூத்துதானே. யாரு சபாநாயகர் ஆனாலும் நாற்காலிக்கு இழுத்துட்டுத்தான் போவாங்க.

வெர்னா: மத்தவங்க சிரிச்சுக்கிட்டே போனாங்க. உனக்குக் கோட்டுப் பொத்தான் தெறிச்சுது.

ஓரெஸ்ட்: ரோட்டைப் பார்த்து ஓட்டு. பனி வழுக்குது.

வெர்னா: பேச்சை மாத்தாதே. அந்த நாற்காலி அவ்வளவு கசக்குதா?

ஓரெஸ்ட்: கசக்காம? விவாதத்துல வாயைத் திறக்க முடியாது. கட்சிக் கூட்டத்துக்குப் போக முடியாது...

வெர்னா: இத்தனை வருஷம் வாயைத் திறந்து என்ன கிழிச்ச? ஒட்டாவா பார்லிமென்ட்டுக்குப் போட்டி போடுன்னாங்க, மாகாணமே போதும்னே. மந்திரி பதவி வாசல் வரைக்கும் வந்துச்சு, அன்னைக்குப் பார்த்து மாட்டுச் சந்தை திறக்கப் போயிட்ட.

ஓரெஸ்ட்: அது நல்ல சந்தை.

வெர்னா: கட்சிக்கு எதிரா ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல். நாளைக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரியை மூட உங்க கட்சியே மசோதா கொண்டு வருது. நான் நர்ஸா இருக்குற ஆஸ்பத்திரி, ஓரெஸ்ட்! எதிர்த்து நாலு வார்த்தையாவது பேசுவேன்னு பார்த்தா... இப்ப அதுவும் போச்சு.

ஓரெஸ்ட்: மார்னியும் அப்படித்தான் நினைச்சா.

வெர்னா: ...என்னது?

ஓரெஸ்ட்: நான் எதிர்த்துப் பேசிடுவேன்னு அவளுக்கு உதறல். நாற்காலியில உட்கார வெச்சுட்டா வாய்ப்பூட்டு. நான் வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சக் கெஞ்ச, அவளுக்குப் பிடிவாதம் கூடிப்போச்சு.

வெர்னா: அடப்பாவி! அப்ப அந்த முரண்டு...

ஓரெஸ்ட்: வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பாளா?

வெர்னா: உனக்கு எதுக்கு அது?

ஓரெஸ்ட்: நான் மேலே போயிட்டா கீழே ரெண்டு கட்சியும் சரிக்குச் சரி. ஓட்டு சமமா விழுந்தா மட்டும் சபாநாயகர் ஓட்டுப் போடுவாரு. அதுவும் எப்படி? இருக்கறது இருந்தபடியே இருக்கட்டும்னு. அதான் மரபு.

வெர்னா: இருக்கறது... ஆஸ்பத்திரி!

ஓரெஸ்ட்: கட்சிக்கும் துரோகம் இல்ல.

வெர்னா: இதை மார்னி யோசிக்கலையா?

ஓரெஸ்ட்: யோசிக்காம இருப்பாளா? எதிர்க்கட்சி வெண்டெல் இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்காரே. ஒரு ஓட்டு குறையுது, சமமே வராது. எப்படியாவது வந்துடுவாருன்னு நம்பி இறங்கிட்டேன். போன் போட்டா மனுஷன் எடுக்கவே மாட்டேங்குறாரு. நாளைக்கு அவ மசோதா ஜெயிக்கும், நான் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும்... பயமா இருக்கு வெர்னா.

வெர்னா: ம்... ஹஹ்ஹா!

ஓரெஸ்ட்: இதுல என்ன சிரிப்பு?

வெர்னா: வார்டு விஷயத்தை வெளியில பேசக்கூடாது.

ஓரெஸ்ட்: வெர்னா... வெண்டெல் எந்த ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு?

வெர்னா: உன்கிட்டகூட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. சமமா விழுந்தா நீ எந்தப் பக்கம் சாய்வேன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் உன்னைக் குடைஞ்சேன்... நாளைக்குக் காலையில அவரைச் சக்கர நாற்காலியில வெச்சுச் சபைக்குத் தள்ளிக்கிட்டு வரப்போறது நான்தான்.