உக்காதது

இந்தக் குளிர்தேசத்தில், கென்னடி வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஊரிலிருந்து வந்த ஒரு தாயும் எட்டு வயது மகளும். மகளின் மடியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கொம்போஸ்ட் வாளி.

"அம்மா, பழத்தோல், முட்டைக்கோது எல்லாம் போடலாம். உக்கி மண்ணாப் போயிடும். எலும்பு மட்டும் போடக்கூடாதாம்."

"ஏனாம்?"

"அது லேசில உக்காதாம். கனகாலம் அப்பிடியே கிடக்குமாம். மிஸ் சொன்னவ."

தாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உன்ர அப்பாவைச் செல்லடிக்குள்ள, குண்டு விழ விழ, சுடலைக்குக் கொண்டுபோக ஏலேல்லை. வீட்டு வளவுக்குள்ளதான் குழி வெட்டித் தாட்டனாங்கள். நீ அப்ப கைக்குழந்தை."

"தெரியும் அம்மா."

"அப்ப எலும்பெண்டாலும் இருக்கும். ஊரில சண்டை முடியப் போய் எடுத்து, கீரிமலைக் கடலில கரைக்கலாம்."

இறங்க எழுந்தபோது வாளியைத் தாயே வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு மிஸ்ஸிட்டக் கேள், எத்தினை வருசம் கிடக்குமெண்டு."