ஜைனுதீன் நானாவின் சைரன்

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே, மௌலவி அவர்களே, நம்மை விட்டுப் போன மர்ஹூம் ஜைனுதீன் நானாவின் மக்களே, யட்டவத்த கடைவீதிச் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே!

மணிக்கூட்டுக் கடை ஸியாம் பேசுகிறேன். பெரிய படிப்பு இல்லை. மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். என் மனதில் இருப்பது பொறாமை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த ஊரில் மணிக்கூடு திருத்துகிறவன் யார்? நான்! நீங்கள் நம்பியது யாருடைய நேரத்தை? ஜைனுதீன் நானாவுடைய நேரத்தை! என் மனைவி ஹமீமாகூட, நான் சுவரில் மாட்டிய மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “பள்ளி சைரன் ஊதட்டும், அதுக்குப் பிறகு இத சரி பண்ணுங்க” என்பாள். பொறாமை வருமா, வராதா?

நோன்பு திறக்கும் சைரனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார் நானா. அதற்குள் ஒரு மணிக்கூடு; நேரம் வந்தால் அதுவே சைரனை ஊத வைக்கும். அது இன்டர்நெட் வழியாக, நேரம் சொல்லும் சேர்வர் ஒன்றிடம் கேட்டுக் கேட்டுத் தன்னைச் சரி செய்துகொள்ளும். “மாத்தளைக்கு ஆள் அனுப்பி நேரம் கேட்டா, அவன் வந்து சொல்றதுக்குள்ள நேரம் போயிரும் தானே, நானா?” என்று மடக்கினேன். “வந்த வழிக்கு எவ்வளவு போச்சுன்னு அதுவே கணக்குப் பார்த்துச் சேர்த்துக்கும், மச்சான்” என்றார். மடங்கியது நான்தான்!

அந்த மழை நோன்பு ஞாபகம் இருக்கிறதா? பல நாளாக இன்டர்நெட் லைன் இல்லை. கேட்க ஆளில்லாமல் பெட்டியின் மணிக்கூடு முந்தி ஓடியது. சைரன் ஊதியது, பேரீச்சம்பழம் வாய்க்குள் போனது. அந்த நேரம் பார்த்து லைன் வந்தது! மணிக்கூடு பின்னோக்கிக் குதித்துச் சரியான நேரத்துக்கு வந்தது. கொஞ்சம் கழித்து, உண்மையான நேரத்துக்கு, சைரன் மறுபடியும் ஊதியது!

பள்ளி முற்றத்தில் என்ன சத்தம்! முதல் ஊதலுக்குத் திறந்தவர்களின் நோன்பு என்ன ஆவது? நான் விடுவேனா? “நானா, உங்கட பெட்டிக்கு ஒரு நோன்பு பத்தலயா?” என்று கத்தினேன். என் வாயில் பேரீச்சங்கொட்டை.

நானா மைக்கைப் பிடித்தார். “பிழை என்ட. முதல் ஊதலுக்குத் திறந்தவங்க ஒரு நோன்பு கழாச் செய்யணும், பிறகொரு நாள் திரும்பப் பிடிக்கணும்னு மௌலவி சொல்றாங்க. நான் ரெண்டாவதுக்குத்தான் திறந்தேன். ஆனாலும் உங்களோட சேர்ந்து பிடிக்கிறேன்.”

பெருநாள் கழிந்து கடைவீதியே நோன்பு பிடித்தது. அவர் வீட்டில்தான் கஞ்சி. ஆளுக்கு ஆள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்! சகோதரர்களே, நானும் எத்தனையோ மணிக்கூடுகளைப் பிழையாக்கி இருக்கிறேன். என்னை யார் கட்டிப்பிடித்தீர்கள்?

அதன் பிறகு பெட்டியை மாற்றினார். “நேரத்தக் குதிக்க விடப்படாது, மச்சான். முந்தினா மெல்ல ஓட விட்டு, பிந்தினா கொஞ்சம் வேகமாக்கி, நடத்திக் கூட்டிட்டு வரணும்” என்றார். லைன் போய் நெடுநேரமானால் சிவப்பு பல்ப் எரியும். சைரன் தானாக ஊதாது. ஒரு மனிதன் வந்து நேரம் பார்த்து ஊத வேண்டும்.

யார் அந்த மனிதன்? நேற்றுத்தான் ஹாஜியார் பெட்டிச் சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்: “சிவப்பு எரிஞ்சா ஸியாமக் கூப்பிடுங்கன்னு பல்ப் போட்ட அன்றைக்கே ஜைனுதீன் சொல்லிட்டார்.”

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை! நான் முற்றத்தில் நின்று கேலி பண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். இதிலும் அவர்தான் ஜெயித்தார்!

நோன்பு வருகிறது. அந்தப் பெட்டியை இனி நான் பார்ப்பேன். இந்தச் சபையில் வாக்குத் தருகிறேன். சரியாக ஊதினால் “ஜைனுதீன் நானாட சைரன்” என்பீர்கள். பிழையாக ஊதினால் “ஸியாம்ட வேலை” என்பீர்கள்.

சம்மதம். அல்லாஹ் அவர் உறங்கும் கப்றை விசாலமாக்குவானாக. ஆமீன் சொல்லுங்கள், நான் போய்ப் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.