கையெழுத்து இல்லாத ஊசி

ஹலோ... ஹலோ, சொல்லுங்க... ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?... உதடு வீங்கிடுச்சா? என்ன சாப்பிட்டீங்க?...

சாலனா? பிரியாணிக்கு ஊத்திக்கிற சாலனா? ஐயோ, அதுல உங்களுக்கு ஆகாத வேர்க்கடலைய அரைச்சு ஊத்துவாங்களே! செகந்திராபாத்துலயே பிறந்து வளர்ந்த மனுஷன், உங்களுக்குத் தெரியாதா?... யாரு? கேன்டீன்காரர் வெறும் எள்ளுதான்னு சொன்னாரா?... உடனே நம்பிட்டீங்க. மருந்து கம்பெனிக்குள்ள வர்ற தண்ணியக்கூட டெஸ்ட் பண்ணாம விடமாட்டீங்க. சாலனுக்கு மட்டும் வாய்வார்த்தை போதுமா?...

சரி, சரி, திட்டல. தொண்டை இறுக்குதா?... மூச்சு?... மாத்திரை போட்டீங்களா? அது அரிப்புக்குங்க! மூச்சு அடைச்சா முதல்ல ஊசி, மத்ததெல்லாம் அப்புறம்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரே. உங்க ஊசிய எடுங்க. பேன்ட் மேலயே தொடையில குத்துங்க... ஹலோ?

கேட்லயா? உங்க ஊசிக்கு கேட்ல என்ன வேலை?... ஆமா... ஆமா... வெளி மருந்து உள்ள வரக்கூடாது. ரூல். யாரு போட்ட ரூலு?... ஹவ், ஆமா, அதானே. நீங்க போட்டதுதான்.

ஆள அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க... அனுப்பியாச்சா? அப்புறம்?... செக்யூரிட்டி தரமாட்டேங்கிறாரா? குவாலிட்டி மேனேஜர் கையெழுத்து போட்ட பாஸ் வேணுமாமா? நல்லாருக்கு! குவாலிட்டி மேனேஜர் இதோ தரையில உக்காந்து மூச்சு வாங்கிட்டிருக்காரே!... பாஸ் புக் மேல் மாடியிலயா? நக்கோ! எந்திரிக்காதீங்க! எந்திரிச்சா பிரஷர் இறங்கிடும். கால நீட்டி அப்படியே சாஞ்சுக்கோங்க... லாரி லாரியா இதே மருந்த ஊருக்கெல்லாம் அனுப்புறீங்க, உங்களுக்கு ஒண்ணு இல்ல... என்னங்க?... என்னங்க!

யாரு?... நஸ்ரினா? லேப்ல இருக்கிற ஆம்பூர் பொண்ணுதானே? அவர் ஏன் பேசல?... கண்ண மூடறாரா? ஆம்புலன்ஸ்?... கிளம்பிடுச்சா, சரி. அது பாலாநகர் சிக்னலத் தாண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதும்மா. அவர் பக்கத்துல யாராவது இருக்கட்டும். போன வச்சுக்கிட்டே நீ கேட்டுக்கு ஓடு... ஓடு...

செக்யூரிட்டி என்ன சொல்றாரு?... அதே பாட்டா? தெலுங்குல நான் சொல்றத அப்படியே சொல்லு. அந்தக் கையெழுத்துக்காரர் போய்ட்டார்னா, இந்த கேட்ல இனிமே எதுக்குமே கையெழுத்து கிடைக்காது... சொன்னியா?... அலமாரியத் திறக்கிறாரா? ஊசிய வாங்கிட்டு அவர்கிட்ட ஓடு!

ம்... ம்... நீல மூடியக் கழட்டு. கட்டை விரல முனையில வைக்காதம்மா. ஆரஞ்சு முனைய தொடை வெளிப்பக்கமா வச்சு அழுத்து... பலமா... சத்தம் கேட்டுச்சா? எடுத்துடாத, கொஞ்சம் அப்படியே பிடி... ஆச்சா?

...

நஸ்ரின், ஏதாவது பேசும்மா. நான் கச்சிபௌலில உக்காந்திருக்கேன், பறந்து வரவா முடியும்? பயமா இருக்கும்மா எனக்கு... ம்?... மூச்சு சீராகுதா?... நிஜமாவா?... கண்ணத் திறந்துட்டாரா! அப்பாடா...

என்னமோ முணுமுணுக்கிறாரே, என்னவாம்?... என்னது? பாஸ் இல்லாம ஊசி எப்படி உள்ள வந்துச்சுன்னா?...

போன அவர் காதுல வை.

என்னங்க... ஆமா, ரூல் மீறினதுதான்... ரிப்போர்ட் எழுதணுமா? தாராளமா எழுதுங்க. இந்த அலர்ஜி அடங்கின மாதிரி அடங்கி மறுபடி கிளம்பும், ஆஸ்பத்திரியில படுக்க வச்சுத்தான் பார்ப்பாங்க. உங்களுக்கு நேரம் நிறைய இருக்கும்... காரணமா? உங்க பொண்டாட்டிக்கு நீங்க உசுரோட வேணும்னு எழுதுங்க.

கையெழுத்த நான் வந்து போடறேன். வைங்க போன.