சனிக்கிழமையோட நின்ன பாட்டு

இல்லண்ணே, நாற்காலியெல்லாம் வேணாம், நான் உக்கார வரல. நீங்க சாவியை எடுங்க, மத்ததைப் படி ஏறிக்கிட்டே பேசிக்கலாம். மூணாவது மாடி. மூக்குக்கண்ணாடிக் கடைல வேலை பாக்குதே, அந்தப் பொண்ணு. நான் அவ அம்மா.

நம்பலையா? சரி, சந்தேகப்படறதுக்குத்தான் உங்களை இங்க வாட்ச்மேனா வச்சிருக்காங்க. உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கா, சொந்தக்காரங்கன்ற இடத்துல? கோடா? ம். அவ போட்டதுதான், கோடு கூட சாஞ்சுதான் போவும் அவளுக்கு. என் மூஞ்சியைப் பாருங்கண்ணே. இந்தச் சப்பை மூக்கு வேற எங்கேர்ந்து வந்திருக்கும் அவளுக்கு?

தட்டினேன். கால் மணி நேரம் அவ கதவைத் தட்டினேன், கை சிவந்துபோச்சு. முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து, கடைக்கும் போயிட்டுத்தான் இங்க நிக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் போனவ வரலையாம். சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டு நிக்கறவங்க நிறைய பேர்னு முதலாளி கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டே சொல்றார். இன்னிக்குப் புதன்ணே. புதன்!

போன் பண்ணினேனான்னா, அவ நம்பர் எங்கிட்ட இல்ல. பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. விலாசமும் கடைப் பேரும் அவகூடப் படிச்ச பொண்ணு குடுத்தது. நம்பர் தரமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காளாம், விலாசத்துக்கு யாரும் சத்தியம் வாங்கல போல. அந்தப் பொண்ணும் கூப்பிட்டுப் பாத்துட்டா. போன் செத்துக் கிடக்கு.

அப்ப எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்க. சொல்றேன், நீங்க முதல்ல ஏறுங்க. முட்டி வலியா? மெதுவாவே ஏறுங்க, ஆனா நிக்காதீங்க.

பாட்டு நின்னுபோச்சுண்ணே. அதான்.

பைத்தியம்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல பாட்டே கிடையாது. நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல வேலை பாக்கறேன், நாள் பூரா மெஷின் உருளும். வீட்டுக்கு வந்தா ஒரு ஈ பறந்தாலும் எரிச்சலா வரும். இவளுக்கோ பல் தேய்க்கப் பாட்டு, தலை சீவப் பாட்டு. நிறுத்துடின்னு நான் கத்தாத நாள் இல்ல. வீட்டை விட்டுப் போனப்ப பழைய போனைப் போட்டுட்டுப் போயிட்டா. என் போன் கெட்டதும் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

ஒரு நாள் படுக்கை விரிப்பு மடிச்சிட்டிருக்கேன், அந்தப் போன்ல ஏதோ ஒரு பாட்டோட பேரு தானா வந்து நிக்குது. கீழ பொடியா, வேற போன்ல ஓடுதுன்னு எழுதியிருக்கு. எனக்கு வேர்த்துப்போச்சு. பாட்டு கேக்கற ஆப்ல அவ கணக்குதானே அது? அப்ப எங்கயோ உக்காந்து, அந்த நிமிஷம், அதைக் கேட்டுக்கிட்டிருக்கா.

விரலை வச்சேன். இங்க பாட ஆரம்பிச்சிருச்சு. ஒரு பொம்பள. என்ன பாஷைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தொண்டை கட்டினவ மாதிரி ஒரு குரல். ரெண்டாவது வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறா... அதை வெட்டாம அப்படியே விட்டிருக்காங்க. ஈரத்துணி மூட்டையைத் தூக்கறதுக்கு முன்னாடி நாங்க இழுப்போம்ணே, அதே மூச்சு. விரிப்பு பாதி மடிச்சது பாதி தரையில, அப்படியே நின்னுட்டேன். சூப்பர்வைசர் வந்து ஏம்மா அழறேன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது.

அது பாதில நின்னுபோச்சு. ஒரு கணக்குல ஒரு நேரத்துல ஒரு போன்தான் பாடுமாம். நான் போட்டதும் அங்க நின்னிருக்கு, அவ மறுபடி போட்டதும் இங்க நின்னிருக்கு. திக்குன்னு ஆயிருச்சு. பழைய போன் யார் கைல இருக்கும்னு அவளுக்குத் தெரியாதா? கணக்கைப் பூட்டிருவான்னு ரெண்டு நாள் காத்துக்கிட்டிருந்தேன்.

பூட்டலண்ணே.

அதுக்கப்புறம் நேரம் பிரிஞ்சுக்கிச்சு, யாரும் பேசிப் பிரிக்கல. காலைல ஏழரைக்கு அவளுக்கு, பஸ்ல போற நேரம்னு நானே நினைச்சுக்கிட்டேன். ஒரு மணிக்கு மறுபடி அவ. அவ முடிச்சதும் அவ கேட்டதை வரிசையா நான் கேப்பேன். மனசு சரியில்லாத அன்னிக்கு ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவா. நல்லா இருந்தா மத்தளம் அடிச்சுக் கிழிக்கிற பாட்டு. ஐம்பத்திரெண்டு வயசுல எனக்கு இப்படி ஒரு கிறுக்கு பிடிக்கும்னு யார் கண்டா? மெஷின் சத்தத்துல கூட தாளம் தேட ஆரம்பிச்சுட்டேன்.

இது எத்தனாவது மாடி? ரெண்டா? வாங்கண்ணே, வாங்க.

அப்புறம் நானா ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஒரு பெரியவர் வீட்டுல உக்காந்து தனியா பாடறார். நடுவுல நாய் குரைக்குது. அவர் சிரிச்சிட்டு, விட்ட இடத்துலேர்ந்து மறுபடி பிடிக்கறார். அந்தச் சிரிப்புக்காகவே நூறு தடவை கேக்கலாம். அதை அவ பட்டியல்ல சேத்துட்டு, பரீட்சை எழுதினவ மாதிரி உக்காந்திருந்தேன். மறுநாள் ஏழரைக்கு அதைத்தான் போட்டா. முடிஞ்சதும் இன்னொரு தடவை போட்டா. ரெண்டு வருஷத்துல அவ எங்கிட்டப் பேசினது அதுதான்.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கேட்டா. அதோட சரி. ஞாயிறு வரல, திங்கள் வரல. நேத்து என் நேரத்தைக் கூட அவளுக்கே விட்டுட்டுச் சும்மா திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இந்தக் கதவுதான். எத்தனை சாவிண்ணே கோத்து வச்சிருக்கீங்க! அது இல்லயா? அடுத்ததைப் பாருங்க. குடுங்க நான்... இருங்க. திருப்பாதீங்க. உள்ள இருமல். கேட்டுச்சா?

நடக்கறா. காலை இழுத்து இழுத்து நடக்கறா. ஐயோ, நான் இப்படிப் படியில உக்காந்துக்கறேன். யாருன்னு கேக்குறா பாருங்க, பதில் சொல்லுங்கண்ணே.

என்னவாம்? காய்ச்சலா? நாலு நாளாவா? போன் பஸ் படியில விழுந்து நொறுங்கிருச்சா... மாத்திரை போட்டுத் தூங்கினாளாம், தட்டினது கனவுன்னு நினைச்சாளாம். கடவுளே.

போதும்ணே. நான் வந்ததைச் சொல்லாதீங்க, மெதுவாப் பேசுங்க. தண்ணிக் குழாய் பாக்க வந்தேன்னு சொல்லிருங்க. டாக்டரை நான் கூட்டிட்டு வரேன், நீங்களே கூட்டிட்டு வந்ததா இருக்கட்டும்.

ஏன்னா, நான்தான் அவளைத் துரத்தினேன். என் தம்பி குடிச்சிட்டு வண்டி ஓட்டி, ரோட்டுல நடந்துபோன ஒருத்தரை அடிச்சிட்டான். நிக்காம வந்துட்டோம். அந்த மனுஷனுக்கு ஒரு கால் போயிருச்சு. பின் சீட்டுல இருந்தவ இவ. கோர்ட்ல ஏறி நடந்ததை நடந்தபடியே சொல்லிட்டா, தம்பி உள்ள போயிட்டான். தாய்மாமனைக் காட்டிக்குடுத்தவ என் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு துணிமணியெல்லாம் தூக்கி வாசல்ல எறிஞ்சேன்.

உண்மையைத்தானே சொன்னாங்கறீங்க. ஆமா, உண்மைதான். எனக்குத் தெரியாம என்ன, முன் சீட்டுல நான்தானே உக்காந்திருந்தேன். நிறுத்தாத, போடான்னு தம்பிகிட்டச் சொன்னதே நான். கோர்ட்ல கேட்டப்ப, தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன். இவ எல்லாத்தையும் சொன்னாண்ணே, அதை மட்டும் சொல்லல.

தாப்பா எடுக்கறா.

இல்ல, நான் கீழ போகல. நீங்க போங்கண்ணே.