ராக்கோழி அழுத்திய பொத்தான்

இரவு இரண்டேகால். மூன்று விளக்குக்கு ஒன்று எரிகிற சாலை. என் நண்பனின் அண்ணி தனியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்... பின்னால் சத்தம்.

கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக்.

இருங்கள், முன்கதை சொல்லிவிடுகிறேன். அண்ணி அந்த ஊருக்கு வேலைக்காகப் போனவர். அண்ணனுக்கு வேறு ஊரில் உத்தியோகம். வாடகை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது.

அலுவலகத்தில் எல்லோரும் பகலில் எழுதும் கணினி நிரலை, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் ஒன்றுசேர்த்து, சோதித்து, வாடிக்கையாளருக்கு அனுப்புவார். பன்னிரண்டு வருடம், தன்னந்தனியாக. ராக்கோழி என்றுதான் அவருக்குப் பேர். ஒருநாள் காலையில் ஒரு சக்கரம் உடைந்த தன் உருளும் நாற்காலியிலேயே விறைத்துக் கிடந்தார். வீட்டுக்குத் தகவல் சொல்லத் தேடினால்... வீடென்று யாருமே இல்லை.

அந்த வேலையை இயந்திரமே தானாகச் செய்யும்படி அமைக்கும் பொறுப்பு அண்ணியிடம் வந்தது. அண்ணிக்கு அது புதிது. வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாக, இரண்டு மாதம் முட்டி மோதிக் கற்றார். நிரல் வந்ததும் சேர்க்கும், சோதிக்கும், அனுப்பும். பயத்தில் கடைசியில் மட்டும் ஒரு படி வைத்தார்: ஒரு மனிதர் பார்த்து 'சரி' அழுத்தினால்தான் அனுப்பும்.

முதல் இரவு, அழுத்தப் போனார். ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டது. பக்கத்தில் ராக்கோழியின் பெயர்.

மேலாளரைப் போனில் எழுப்பினார். "சார், அவரோட கம்ப்யூட்டர் கணக்கு இன்னும் இருக்கா?"

"அவர் போன அன்னிக்கே மூடியாச்சும்மா. கண்ணு அசந்திருப்பே. தூங்கு போ."

மறுநாளும் அதே பெயர். அதற்கடுத்த நாளும். நான்காம் இரவு அண்ணி அந்தப் படியையே நீக்கினார். யார் கையும் படாமல் ஆறே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். நின்றால் நின்றது. நடந்தால் உருண்டது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

அறைக்குள் ஓடித் தாழிட்டார். வாசலுக்கு வெளியே... அங்கும் இங்குமாக... கர்ர்ர். டக். ஒரு மணி நேரம். வியர்த்து வழிந்தாலும் அண்ணிக்கு ஒன்று உறைத்தது. பாவம், இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. வேறு எங்கே போவார்?

மடிக்கணினியைத் திறந்து, அந்தப் படியைத் திரும்பச் சேர்த்தார்.

சத்தம் நின்றது. திரையில் 'சரி' விழுந்தது. அவர் பெயரில்.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. பிறகு அண்ணி வேலையை விட்டு, அண்ணனோடு வந்துவிட்டார். நாலு மாதம் கழித்து, அவர் இடத்துக்கு வந்த பையன் போன் செய்தான்.

"அக்கா, கடைசியில ஒரு 'சரி' இருக்கே, அத எடுத்துரட்டுமா?"

"வேணாம்ப்பா. அவரு அழுத்திப்பாரு."

"எவருக்கா? தினம் ரெண்டு மணிக்கு உங்க பேர்தானே வருது?"

அன்றிரவு அண்ணன் விழித்திருந்து பார்த்தார். அண்ணி அசையாமல்தான் தூங்கினார். ஆனால் சரியாக இரண்டுக்கு... மூச்சு நின்றது. அண்ணன் அறுபதுவரை எண்ணினார். பிறகு மூச்சு வந்தது. அண்ணி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.