விதி இருபத்தேழின்படி இறந்தவர்

ஓரம் விடுகிற விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாளில் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டால் நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் கோப்பில் தைக்கும்போது வரிகளின் தலை உள்ளே போய்விடும். அப்புறம் யார் எதை ஒப்புக்கொண்டார்கள் என்றே தெரியாது. நன்றி, இப்போது சரியாக இருக்கிறது.

என் பெயர் எர்மின் டலக். வயது ஐம்பத்தெட்டு. நம் தீவில் மாண்டவில் ஊர் மலைமேல் இருக்கிற பல்கலைக்கழகத்தில் இறையியல் துறைக்குப் பதிவாளர், முப்பத்தொரு வருஷமாக. முதுகலை இறையியல் பட்டத்தின் விதிமுறைப் புத்தகம் இதுவரை பதினான்கு பதிப்பு வந்திருக்கிறது. பதினான்கையும் எழுதியவள் நான்தான். அட்டையில் துறைத்தலைவர் டாக்டர் வெதர்லியின் பெயர் இருக்கும். அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் நல்ல மனிதர், கையெழுத்து அழகாகப் போடுவார்.

எங்களிடம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் போதகர்கள். தேவ கிருபை கடைசித் தேதிக்கும் பொருந்தும் என்று நம்புகிறவர்கள். ஆண்டவர் மன்னிப்பார், அது அவருடைய இலாகா. எனக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை.

லின்வால் பின்னக் எட்டு வருஷமாக எங்கள் மாணவர். போரஸ் ஊர்க்காரர், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. இறந்தவர்களுக்காக நம் ஊரில் ஒன்பதாம் நாள் பாடி ஆடி வழியனுப்புகிறோமே, அதைத் திருச்சபை ஆசீர்வதிக்கலாமா கூடாதா என்பதுதான் அவருடைய ஆய்வு. வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவருவார். மாணவரிடம் நான் எதுவும் வாங்குவதில்லை. தட்டச்சு செய்கிற டெல்ரோஸ் தின்பாள்.

"மிஸ் டலக், போன தடவை ஓரம் கம்மின்னு திருப்பி அனுப்பினீங்க. இப்ப பாருங்க, எவ்வளவு தாராளமா விட்டிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டி மேயலாம்."

"வலது பக்கம் கால் அங்குலம் குறையுது, பாஸ்டர்."

"அந்தக் கால் அங்குலத்துல எனக்குச் சொர்க்கம் போயிடுமா?"

"சொர்க்கம் போகாது. பட்டம் போயிடும்."

இப்படித்தான் எங்கள் பேச்சு இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விதி இருபத்தேழு என் சொந்தச் சரக்கு. ஆய்வேட்டில் பாதிக்குமேல் முடித்த மாணவர் படிப்புக் காலத்திலேயே இறந்துவிட்டால், குழு முப்பது நாளுக்குள் கூடி அவருக்குப் பட்டம் வழங்கலாம். எவ்வளவு கருணையான விதி என்று பாருங்கள். ஒன்பதாம் பதிப்பில் சேர்த்தேன். பதினோரு வருஷம் அதற்கு வேலையே வரவில்லை. மாணவர்கள் இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் வருவார்கள், எல்லாரும் உயிரோடு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெற்ற பிள்ளைக்கு வரன் அமையாத தாயின் மனநிலைதான் எனக்கு.

ஏப்ரல் மாதம் ஒரு காலை, டெல்ரோஸ் வானொலியில் மரண அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். போரஸ் ஊரைச் சேர்ந்த ரெவரெண்ட் எல். பின்னக் காலமானார், லண்டனிலும் டொரான்டோவிலும் உள்ள உறவினர்கள் இதையே நேரில் சொன்னதாக ஏற்கவும் என்றார்கள். டெல்ரோஸ் அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே குழுவுக்கு அறிவிப்பு அனுப்பினேன், முப்பது நாள் கெடு இருக்கிறதல்லவா.

இருபத்துநாலாம் தேதி குழு கூடியது. ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள், பட்டம் வழங்கினார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். சாவு வீட்டில் ஆவி வழி தெரியாமல் குழம்பட்டும் என்று சாமான்களை இடம் மாற்றுவது வழக்கம். அதன்படி டெல்ரோஸ் அலுவலகத்து மேஜை நாற்காலிகளையெல்லாம் இழுத்து மாற்றிப் போட்டாள். அவருடைய சான்றிதழ் என் இழுப்பறையில் இருந்தது. அவ்வளவு அழகான சான்றிதழை நான் தயாரித்ததில்லை.

மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, அவருடைய எட்டு வருஷக் கெடு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மத்தியானம் கதவு திறந்தது. டெல்ரோஸ் "டப்பி! டப்பி!" என்று கத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தாள். ஆவி என்றுதான் அவள் நினைத்தாள். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆவி இப்படி வியர்க்காது.

"என்ன மிஸ், நாற்காலியெல்லாம் இடம் மாறியிருக்கு? எங்க உக்காரறதுன்னே தெரியலையே."

விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"போனது எங்க அண்ணன் லெஸ்டர், மிஸ். அவரும் பாஸ்டர்தான், வேற சபை. பாவம், படிச்சவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது." பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குப் பட்டம் குடுத்தாச்சா? அல்லேலூயா! எங்க, குடுங்க. நான் கிளம்பறேன்."

"உங்ககிட்ட குடுக்க முடியாது, பாஸ்டர். இறந்தவரோட குடும்பத்துக்கிட்டதான் குடுக்கணும்."

"சரி, என் பொண்டாட்டியை அனுப்பறேன்."

"மரணச் சான்றிதழோட வரணும்."

மேஜைக்கு அடியிலிருந்து டெல்ரோஸ் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"அந்தப் பட்டத்தை நீங்களே வச்சுக்கோங்க. இதோ ஆய்வேடு, ரெண்டு பிரதி. ஓரம் நாலு பக்கமும் என் பொண்டாட்டி தையல் நாடா வச்சு அளந்திருக்கா. நீங்களும் அளங்க."

அளந்தேன். எட்டு வருஷத்தில் முதல்முறையாக நாலு பக்கமும் கச்சிதம். சத்தியமாகச் சொல்கிறேன், நம்ப முடியாமல் இன்னொரு முறையும் அளந்தேன். ஆனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒருவருக்கு ஒரே பட்டத்தை இரண்டு முறை தரக்கூடாது என்று விதி முப்பத்தொன்று சொல்கிறது. அவர்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டாரே.

"அப்ப உயிரோட இருக்கறதால வாங்குன பட்டம் கையில வராது. வாங்கிட்டதால புதுசா எழுதவும் முடியாது. அப்படித்தானே?"

"நல்லாப் புரிஞ்சுக்கிட்டீங்க, பாஸ்டர்."

அப்போதுதான் அவருடைய சிரிப்பு நின்றது. போர்ட் அன்டோனியோவில் ஒரு வேதப்பள்ளி அவரை முதல்வராக எடுக்கத் தயாராக இருந்தது. செப்டம்பருக்குள் பட்டம் காட்ட வேண்டும்.

"எனக்கு அம்பத்தாறு வயசு, மிஸ். இத்தனை வருஷம் தகரக் கொட்டகையில பிரசங்கம் பண்ணியாச்சு. இனிமே இன்னொரு வேலை எனக்காகக் காத்திருக்காது. அந்தப் புத்தகத்துல ஒரே ஒரு வரியைத் திருத்துங்க."

முப்பத்தொரு வருஷத்தில் என் மினிட் புத்தகத்தில் ஒரு வரிகூடத் திருத்தப்பட்டதில்லை, இன்ஸ்பெக்டர். அதை அவரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் பல்கலைக்கழக செனட்டுக்கு மனு எழுதிப் போட்டார். கூட்டம் ஜூன் இருபதாம் தேதி. டாக்டர் வெதர்லி என்னைக் கூப்பிட்டார்.

"எர்மின், இதுக்குப் போய் ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? அந்த இருபத்தேழையே எடுத்துடலாம்னு செனட்டுல சொல்லிடறேன். அதால யாருக்கு என்ன பிரயோஜனம்? மினிட்ல ஒரு கோடு போட்டுடு, முடிஞ்சது கதை."

ஒரு கோடு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். பாஸ்டரின் அண்ணன் இறந்ததற்கு அழுததைவிட அதிகமாக. அண்ணனை எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

அழுது முடித்தபின் நிதானமாக யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். குறிப்பு ஒன்று சொல்கிறது, பாஸ்டர் வேறொன்று சொல்கிறார். இரண்டில் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். குறிப்பில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாஸ்டர் தனி ஆள்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, மனுவை இருவருமாகச் சரிபார்க்கலாம் என்று அவரைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். உப்பு மீனும் ஆக்கியும், வறுத்த ஈரப்பலா, பொரித்த மாவுருண்டை. ஆக்கிப் பழம் மரத்திலேயே தானாக வாய் பிளக்கும்வரை விஷம், தொடக்கூடாது என்று நம் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். என் வீட்டு மரத்தில் அந்த வாரம் ஒன்றும் பிளந்திருக்கவில்லை. எனக்கோ இருபதாம் தேதி கெடு. நான் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

அவர் நேரத்துக்கு வந்தார். எட்டு வருஷத்தில் அதுவும் முதல் முறை. உட்காருவதற்கு முன் ஒரு உறையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை மெதுவாப் படிங்க, மிஸ். முதல்ல சாப்பாடு. வாசனை ரோட்டு வரைக்கும் வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுக்குது."

நீளமாக ஜெபம் செய்தார், என் பெயரைச் சொல்லியும் செய்தார். பிறகு ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். "நீங்க சாப்பிடலையா?" என்றார். எனக்கு ரத்த அழுத்தம், உப்பு மீன் ஆகாது என்றேன். அது பொய்யில்லை, என் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே வாந்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருத்துவமனையில் காலமானார். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவர் மனைவிக்குக் கடிதம் எழுதினேன்: மரணச் சான்றிதழுடன் அலுவலக நேரத்தில் வந்து பட்டத்தைப் பெற்றுக்கொள்ளவும். அந்த அம்மா உங்களிடம் வந்ததுகூட அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் என்று கேள்விப்பட்டேன். மனு தானாகவே காலாவதியாகிவிட்டது. விதி இருபத்தேழு பதினைந்தாம் பதிப்பிலும் இருக்கும். இப்போது மினிட் புத்தகத்தில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தேதியைப் பற்றிக் கேட்பீர்கள். பட்டம் முதலில், மரணம் பிறகு. எதற்குப் பின் எது வர வேண்டும் என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லை, நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியும்.

ஆம், நான்தான் செய்தேன். அவர் கேட்ட பட்டத்தை அவருக்கு வாங்கிக்கொடுக்க வேறு யாரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அந்த உறையா? மேஜையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வேதப்பள்ளிக்காரர்கள் பட்டம் இல்லாமலே அவரை முதல்வராக எடுத்துக்கொண்டார்களாம். அதனால் மனுவைத் திரும்பப் பெறுகிறேன், உங்கள் விதியும் புத்தகமும் அப்படியே இருக்கட்டும், எட்டு வருஷம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி மிஸ் டலக் என்று எழுதியிருந்தார். எப்போது படித்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் முதல் தட்டில் நாலு வாய்தான் சாப்பிட்டிருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்தேன், இரண்டாவது தட்டு கேட்டார், பரிமாறினேன். கடிதத்தில் தேதி போடவில்லை, இன்ஸ்பெக்டர். தேதி இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?