நாலாவது குரல்

சாயங்காலம் ஐந்தரை மணி. கோட்டைக்குப் போகிற மலை ரோடு. அந்த நேரத்தில் அங்கிருந்து இறங்கி வருகிறவர்கள் உண்டு, ஏறிப் போகிறவர்கள் கிடையாது... அன்றைக்கு ஒரே ஒரு வேன் ஏறியது. கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. என் சிநேகிதியுடைய சித்திக்கு நடந்தது.

அப்போது சித்திக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீட்டில்கூடக் கழுத்து விசிலைக் கழற்றாத மனுஷன். வெளியே போனால் பிள்ளைகள் வரிசையாக நம்பர் சொல்ல வேண்டும். பெரியண்ணன் ஒன்று, சின்னண்ணன் இரண்டு, சித்தி மூன்று, ஆறு வயதுத் தம்பி வாண்டு நாலு. அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஒரு தடவை மூஞ்சியப் பாத்து எண்ணுங்களேன்" என்பாள் அம்மா.

"காது எதுக்கு இருக்கு?" என்பார்.

வாண்டு சித்தியின் பொறுப்பு. "கைய விட்டே, தோல உரிச்சிடுவேன்" என்று அம்மா சொல்லித்தான் வேனிலிருந்து இறக்கினாள்.

கோட்டைக்குள் ஒரு நிலவறைச் சிறை. "ஆறு மணிக்குப் பூட்டிடுவேன் சார், சட்டுனு வந்துடுங்க" என்றார் காவல்காரர். இருபது படி கீழே. ஒரே ஒரு டார்ச். வௌவால் நாற்றம்... அதற்கும் அடியில், ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல் ஒரு வாடை. எங்கேயோ சொட்... சொட்... வாண்டுவின் கையெல்லாம் மிட்டாய்ப் பிசுபிசுப்பு. சித்திக்கு அருவருப்பாக இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்... கையை விட்டுச் சட்டையில் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து டார்ச் அணைந்தது.

"நம்பர்!" அப்பாவின் குரல்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சித்தியின் முதுகுக்குப் பின்னாலிருந்து...

"நாலு."

வாண்டுவின் குரலேதான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சுவரைத் தடவித் தடவி எல்லோரும் மேலே ஏறினார்கள். வெளியிலும் இருட்டிவிட்டது. அடித்துப் பிடித்து வேனில் ஏறினார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுபடி நம்பர் கேட்டார். பின்சீட்டிலிருந்து நாலு வந்தது. கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு மைல் போயிருப்பார்கள். வாண்டுவுக்கு பிஸ்கட் கொடுக்க அம்மா திரும்பினாள். பின்சீட்டில் தண்ணீர் கேன் இருந்தது. ஒரு பை இருந்தது. வேறு யாரும் இல்லை.

அம்மா போட்ட அலறலில் வேன் ரோட்டை விட்டே இறங்கிவிட்டது. அப்பா வண்டியைத் திருப்பிக் கோட்டைக்கே விரட்டினார். நான்தான் கையை விட்டேன் என்று சொல்லச் சித்திக்கு நா எழவில்லை. அவன் கிடைத்தால் போதும், எப்படிப் பிசுபிசுத்தாலும் அந்தக் கையை இனி விடவே மாட்டேன் என்று மனதுக்குள் அழுதாள்.

காவல்காரர் பூட்டைத் திறந்தார். கடைசிப் படியில் வாண்டு உட்கார்ந்திருந்தான். முழுசாக இருந்தான். அழவில்லை, பயந்த மாதிரியும் தெரியவில்லை. அம்மா அவனை வாரி எடுத்து முத்தமாகக் கொடுத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வேனில் சித்தி அவனை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன்கள் இருவரும் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள். பின்சீட்டுக்கு யாரும் போகவில்லை. அப்பா வண்டியைக் கிளப்பினார். நம்பர் கேட்கவில்லை.

"கூப்பிடுங்கப்பா" என்றான் வாண்டு.

"வேணாம்டா கண்ணு. நீ தூங்கு."

"அவன் காத்துட்டிருக்கான்பா. நாலு என்னோடதுன்னு சொல்லிட்டேன்... அதனால அவன் அஞ்சு."

வேன் மலையிறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில், பேசுவதற்கு முன்னால் செருமுவோமே... அதுபோல யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள்.